டாக்டரம்மா ஓட்டுன வண்டி

சித்த அக்கட்டால நகந்து ஒக்காரு கண்ணு. இந்தத் தூக்கு பத்திரம். உள்ள வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் இருக்குது, சாஞ்சுதுன்னா எண்ணெய் சேலையெல்லாம் ஆயிரும். ம்ம், போதும் போதும். ரெண்டு பேரு ஒக்கார்ற சீட்டுன்னு பேரு, ஒன்றரை ஆளுக்குத்தான் செஞ்சு வெச்சிருக்கறான்.

துறையூர் வரைக்கும் போறேன். நீயும் அங்கதானா? நல்லதாப் போச்சு, பேச்சுத் துணைக்கு ஆச்சு. நான் பேசுனா உனக்குத் தொந்தரவு இல்லியே? இருந்தாலும் பேசுவேன், அது வேற.

என்ன பாக்கற போனுல? எட்டிப் பாத்தேன்னு நெனைச்சுக்காத, கண்ணு தானா அங்க போயிருச்சு. காரா? வெள்ளைக் காரு, நல்லாத்தான் இருக்குது. வாங்கப் போறீங்களா? பழைய வண்டியா? நாளைக்கே போயி முடிக்கப் போறீங்களா? அட, சந்தோசம். சரி, அந்த நம்பரச் சொல்லு. முழுசும் வேண்டாம், கடைசி நாலு. மூணு, ஒண்ணு, ரெண்டு, ரெண்டு. மூணும் ஒண்ணும் நாலு, நாலும் ரெண்டும் ஆறு, ஆறும் ரெண்டும் எட்டு. ஐயோ, எட்டு! வேண்டாம் கண்ணு. சொல்றதைக் கேளு, எட்டு வேண்டாம். எட்டுன்னா சனி.

சிரிக்கற. எந்தம்பி பொண்டாட்டியும் இப்படித்தான் சிரிச்சா.

எந்தம்பி பேரு பூபதி. எனக்கு ரொம்ப எளையவன். அவன் பொறந்ததுல இருந்தே எங்கம்மாவுக்கு முடியாமப் போச்சு, படுத்த படுக்கை. நாந்தான் இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். என்னப் பொண்ணு பாக்க வந்தன்னிக்குக்கூட அவன் என் இடுப்புல இருந்தான். மாப்பிள்ளை வூட்டுக்காரங்கள்ல ஒருத்தரு, பொண்ணு கையில புள்ளையோட வருதேன்னு கேட்டே போட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் என்னமோ புரிஞ்சவனாட்டம் சிரிச்சான். கட்டிக் குடுத்து நாமக்கல் வந்தப்ப அவனையும் ஒட்டுக்காக் கூட்டிக்கிட்டு வந்தேன். படிக்க வெச்சேன். எனக்கு வயித்துல ஒண்ணும் தங்கல. அதனால தம்பியும் அவந்தான், மகனும் அவந்தான்.

கோழித்தீவனக் கம்பெனியில வேலை அவனுக்கு. பண்ணை பண்ணையாப் போகோணும், எல்லாம் பைக்குலதான். வாய் பேசாத புள்ளை. சோத்துல உப்பு இல்லைன்னாக்கூடச் சொல்ல மாட்டான், தின்னுட்டுப் போயிருவான். எதுக்கும் என் மூஞ்சியத்தான் பாப்பான். "அக்கா சொன்னா சரி." இதுதான் அவன் வாயில வர்ற பேச்சு. கல்யாணம் ஆன பொறவும் அதேதான்.

பொண்ணும் நாந்தான் பாத்துக் கட்டி வெச்சேன். கோகிலா. துறையூர்க்காரி. படிச்சவ, கணக்குல கெட்டி. குத்தம் சொல்ல மாட்டேன், வூட்ட நல்லா வெச்சிருந்தா. ஆனா எதை வாங்குனாலும் திருப்பித் திருப்பிப் பாப்பா. தக்காளி வாங்கப் போனா ஒவ்வொண்ணா அமுக்கிப் பாப்பா, கடைக்காரன் கையெடுத்துக் கும்புடுவான். அம்மிணி, நீங்க போனாப் போதும்னு சொல்லுவான். புள்ளைக்கு மருந்து வாங்குனா அந்த டப்பாவுல இருக்கற பொடி எழுத்தெல்லாம் படிப்பா. எனக்கு அது புடிக்காது. மனுசங்களை நம்போணும் கண்ணு. நம்பிக்கை இல்லாட்டி எப்படிப் பொழைக்கறது?

ஒரே பொண்ணு அவங்களுக்கு, கனிஷ்கா. நான் கனின்னு கூப்புடுவேன். அதுக்கு ஈளை. மழைக்காலம் வந்துட்டாப் போதும், நெஞ்சு கர்ரு கர்ருன்னு இழுக்கும். ஒரு நாள் ராசிபுரத்துல இருந்து மூணு பேரும் பைக்குல நனைஞ்சுக்கிட்டே வந்து சேந்தாங்க. புள்ளைக்கு ஒதடு நீலம் பாரிச்சுப் போச்சு. அன்னிக்குத்தான் பூபதி மொத மொதல்ல அவனா ஒண்ணு கேட்டான். "அக்கா, ஒரு பழைய காரு வாங்கிக்கட்டுமா"ன்னான். எனக்கு மனசே தாங்கல. வாங்குடா சாமின்னேன்.

கோகிலா ஒரு வண்டி பாத்துட்டு வந்தா. ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தரோட வண்டி. அவரே கூட ஒக்காந்து ஓட்டிக் காட்டுனாராம். வாங்குன நாள்ல இருந்து சர்வீஸ் விட்ட பில்லு அத்தனையும் கட்டி வெச்சிருக்காராம். கதவுல ஒரு கோடு இருந்துச்சாம், அவளே இன்னும் பாக்கலியாம், அவராக் கூட்டிட்டுப் போயி, கேட்டுல ஒரசிட்டேம்மான்னு காட்டுனாராம். போனுல வண்டி நம்பரப் போட்டா அவரு பேரும் ஊரும் சரியா வருதுன்னா. அம்புட்டு சந்தோசமாச் சொன்னா. நான் நம்பரக் கேட்டேன். கூட்டுனா எட்டு.

"அண்ணி, இந்த எட்டோடதான் அவரு இத்தனை வருசம் ஓட்டியிருக்காரு, நல்லாத்தான இருக்காரு"ன்னு சிரிச்சா. வேலை முடிஞ்சு வூட்டுல ஒக்காந்திருக்கற மனுசனுக்கு எட்டு என்ன பண்ணும்? சின்ன வயசுக்காரனுக்கு ஆகாதில்ல. அதைச் சொன்னா புரியோணுமே. எந்தம்பி என் மூஞ்சியப் பாத்தான். அந்த வண்டி போச்சு.

அப்பறம்தான் லோகுகிட்டச் சொன்னேன். லோகு யாருன்னா, எங்க வூட்டுக்காரரோட அக்கா மகன். நாமக்கல்லுல கார் கன்சல்டிங் வெச்சிருக்கறான், பழைய காரு வாங்கி விக்கறது. என் கல்யாணத்துல எனக்கு முன்னால பூத்தட்டு தூக்கிக்கிட்டு நடந்த பையன். "அத்தை, நம்ம வூட்டு ஆளுக்கு நான் கண்டதைக் குடுப்பனா, ஒரு வாரம் பொறுங்க"ன்னான். சொன்ன மாதிரி ஒரு வண்டி கொண்டாந்தான். செவப்புக் கலரு. கெம்புக் கல்லாட்டம் மின்னுச்சு. கோயமுத்தூருல ஒரு டாக்டரம்மா ஓட்டுனதாம். ஒரே ஓனராம். ஆசுபத்திரிக்கும் வூட்டுக்கும் தவிர வேற எங்கயும் போனதில்லையாம். ஒரு கீறலும் இல்ல, மோதாத வண்டி அத்தைன்னான். நம்பரக் கூட்டுனா ஆறு. சுக்கிரன்! எனக்கு ஒடம்பே சிலுத்துப் போச்சு.

சனிக்கெழம பொழுதோட எல்லாரும் போயிப் பாத்தோம். கனி நேரா ஏறி ஸ்டீரிங்கப் புடிச்சுக்கிட்டா. கோகிலா வழக்கம்போல ஆரம்பிச்சா. குனிஞ்சு பாக்கறா, தட்டிப் பாக்கறா, கதவத் தெறந்து ரப்பர நீக்கிப் பாக்கறா. அப்பறம் புள்ளைய எறக்கிட்டு உள்ள ஒக்காந்து சாவியத் திருப்புனா. முன்னால சின்னச் சின்ன வெளக்கா வருமில்ல? அதைப் பாத்துட்டு, "ஏங்க லோகு, ஏர்பேக் லைட்டு வரவே இல்லியே"ன்னா. லோகு, "கோளாறு இருந்தாத்தாங்க அது எரியும், இல்லாததால எரியல"ன்னான். அவ விடல. சாவியத் திருப்புனதும் எல்லா வெளக்கும் ஒருக்கா வந்துட்டு அப்பறம் அணையோணும், இது மட்டும் வரவே இல்லைங்கறா. மறுக்கா மறுக்காத் திருப்பறா.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. எரிஞ்சாலும் அழுவற, எரியலைன்னாலும் அழுவறியேடி, உனக்கு என்னதான் வேணும்னு கேட்டேன். அங்க இருந்த வேலையாளுங்க எல்லாம் சிரிச்சாங்க. கனியும் சிரிச்சா. கோகிலா மூஞ்சி சுண்டிப் போச்சு.

என்னத் தனியாக் கூப்புட்டுச் சொன்னா. "அண்ணி, இந்த இஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் குறிச்சுட்டுப் போயி கம்பெனி சர்வீஸ் சென்டர்ல குடுத்தா, முன்னால எங்கயாச்சும் மோதியிருந்தா, என்ன மாத்துனாங்கன்னு எல்லாம் கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லிருவாங்க. நாளைக்கு ஞாயித்துக்கெழம லீவு. திங்கக்கெழம காத்தால போயிக் கேட்டுட்டு வந்துர்றேன். ஒரே ஒரு நாள் பொறுங்க"ன்னா.

எப்படிப் பொறுக்கறது? நீயே சொல்லு. ஞாயித்துக்கெழமதான் ஆனியில கடைசி முகூர்த்தம். அந்த வாரத்துலயே ஆடி பொறக்குது. ஆடியில யாராச்சும் வண்டிய வூட்டுக்குக் கொண்டாருவாங்களா? அதுக்கும் அவ பதில் வெச்சிருந்தா. ஆடிப் பதினெட்டு நல்ல நாள்தான அண்ணி, அன்னிக்கு எடுத்துக்கலாமேன்னா. அதுக்குள்ள சேலத்துப் பார்ட்டி ஒண்ணு கொத்திக்கிட்டுப் போயிரும்னு லோகு சொல்றான். அதுவும் போக, சொந்தக்காரப் பையன் வண்டியச் சந்தேகப்பட்டு கம்பெனியில போயி விசாரிச்சா நல்லாவா இருக்கும்? எங்க நாத்தனார் மூஞ்சியில நான் முழிக்க வேண்டாமா? பொண்ணுக்கு நகை வாங்கறப்பக்கூட நாங்க சொந்தத்துல ஒரசிப் பாக்க மாட்டோம் கண்ணு. அப்படி ஒரு வளப்பு எங்க வளப்பு.

ரெண்டு பேரும் பூபதியப் பாத்தோம். அவன் கொஞ்ச நேரம் அந்தச் செவப்புக் கதவத் தடவிக்கிட்டே நின்னான். அப்பறம், "அக்கா சொன்னா சரி, கோகி"ன்னான். அவ போயி புள்ளைக்குச் செருப்பு மாட்டி விட்டா.

ஞாயித்துக்கெழம ஆஞ்சநேயர் கோயில்ல பூசை. வண்டிக்கு மாலை போட்டு, சந்தனம் வெச்சு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்துனோம். நாலும் ஒரே மாதிரி நசுங்குச்சு. அதைப் பாத்துத்தான் எனக்கு நிம்மதியே வந்துச்சு. நான் முன் சீட்டுல ஏறி ஒக்காந்தேன். கோகிலாவும் கனியும் பின்னால. வண்டியப் பூபதி பேருக்கு மாத்தறத ஆவணியில பாத்துக்கலாம், ஆடியில கையெழுத்து எதுவும் வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். அதுவும் அவளுக்குப் பொறுக்கல. பேரு மாறாம ஓட்டக்கூடாதுங்கன்னு முணுமுணுத்தா. "நல்ல காரியத்துல வாய் வெக்காத கோகிலா"ன்னு அதட்டிப்போட்டேன்.

அந்தக் கொஞ்ச நாளு எந்தம்பி இருந்த இருப்பப் பாத்திருக்கோணும் நீ. செருப்பக் கழட்டிக் கையில புடிச்சுக்கிட்டுத்தான் வண்டியில ஏறுவான். வூட்டுக்குள்ள போற மாதிரி. காலையில எந்திரிச்சதும் பழைய வேட்டியக் கிழிச்சுத் தொடைப்பான். எறும்பு ஊந்தாக்கூட ஊதித்தான் விடுவான். ஆடிப் பதினெட்டுக்கு எல்லாரும் மோகனூர் போயி ஆத்துல குளிச்சோம். திரும்பி வர்றப்ப மழை அடிச்சு ஊத்துச்சு. கனி கண்ணாடியில ஒட்டிக்கிட்டு, "அத்தை, மழை வெளிய பேயுது, நான் உள்ள இருக்கறேன்"னு கத்துனா. பூபதி என்னப் பாத்துச் சிரிச்சான். அந்தச் சிரிப்பு போதும்டா சாமின்னு நெனைச்சேன்.

அதுக்கப்பறம் ஒரு வாரங்கூட இல்ல.

எருமப்பட்டி பக்கம் ஒரு பண்ணைக்குப் போயிட்டு வந்துக்கிட்டிருந்தான். இதே ரோடுதான். நல்ல வெளிச்சம் இருக்கற நேரம். எருமை ஒண்ணு குறுக்க வந்துச்சாம், வண்டிய ஒடிச்சுத் திருப்பியிருக்கறான், புளியமரத்துல போயி மோதிருச்சு. அந்த மரத்த இப்பத்தான் தாண்டுனோம். நீ போனப் பாத்துக்கிட்டிருந்த, நான் எப்பவும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன், கண்ண மூடிக்குவேன். வேகமாக்கூடப் போகலியாம் கண்ணு. காருக்கு முன்னால கொஞ்சந்தான் நசுங்கியிருந்துச்சு, கண்ணாடிகூட முழுசா ஒடையல. பெல்ட்டும் போட்டிருந்தான். ஆனா நெஞ்சு ஸ்டீரிங்குல அடிச்சிருச்சு. ஓடி வந்தவங்க தண்ணி குடுத்தாங்களாம். குடிக்கல. "அக்காவுக்கு போன் போடுங்க"ன்னானாம். அவங்க நம்பரு கேட்டிருக்காங்க, அதுக்குள்ள முடிஞ்சு போச்சு.

ஒண்ணுமில்ல கண்ணு. தண்ணி வேண்டாம். இரு, தொடைச்சுக்கறேன்.

அடுத்த நாளு போலீஸ் ஸ்டேசன் முன்னால வண்டிய நிறுத்தி வெச்சிருந்தாங்க. பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பாத்தாரு. மோதுனா ஸ்டீரிங்குல இருந்து வரோணுமே அந்த ஏர்பேக் பலூன், அது ஏன் வரலைன்னு கேட்டுட்டு, கூட இருந்த மெக்கானிக்கிட்டச் சொல்லி ஸ்டீரிங்க நடுவுல நெம்பச் சொன்னாரு. மூடி கழண்டு வந்துச்சு. உள்ள பலூனே இல்ல. மெத்தையில வெக்கற பஞ்சு, மஞ்சப் பஞ்சு, அதை அடைச்சு மேல மூடிய ஒட்டி வெச்சிருந்தாங்க. முன்னாலயே ஒருக்கா பெரிசா மோதி பலூன் வெடிச்ச வண்டிம்மா இது, அந்த லைட்டோட ஒயர வெட்டி விட்டிருக்காங்கன்னாரு. அதோட விட்டாரா? "பலூன் இருந்திருந்தா ஆளு பொழைச்சிருப்பாரு"ன்னாரு. பொண்டாட்டிக்காரி பக்கத்துல நிக்கறா, அவ முன்னாடி பேசற பேச்சா அது? படிச்ச ஆபீசருக்கு அந்தப் புத்தி வேண்டாம்?

கோகிலா அழுவல. அந்தப் பஞ்சக் கையில எடுத்துப் பாத்தா. அப்பறம் என்னப் பாத்தா. பாத்துக்கிட்டே இருந்தா. புருசன் செத்துக் கெடக்கறப்ப ஒரு பொம்பள அப்படிப் பாப்பாளா? எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறிருச்சு. வூட்டுக்கு வந்து, எழவுக்கு வந்த சனம் அத்தனையும் இருக்கையில, "வண்டி வாங்கறப்பவே வாய் வெச்சியேடி, மோதுன வண்டியா மோதுன வண்டியான்னு கேட்டுக் கேட்டே மோத வெச்சுட்டியே, எந்தம்பிய முழுங்கிட்டியே"ன்னு மாரடிச்சேன். துக்கத்துல வர்ற பேச்சுதான. பெத்த புள்ளையாட்டம் வளத்தவ, எனக்கு அந்த உரிமைகூட இல்லியா?

அவ காரியம் முடிஞ்ச அன்னிக்குப் புள்ளையோட ஸ்கூல் பையத் தோள்ல மாட்டிக்கிட்டு பஸ் ஏறிட்டா. துறையூருல அவங்கப்பா வூடு.

போறதுக்கு முன்னால அந்தச் சர்வீஸ் சென்டருக்குப் போயிருக்கா பாரு! யாரு போவாங்க அந்த நெலைமையில? நம்பரக் குடுத்ததும் கொஞ்ச நேரத்துல சொல்லிட்டாங்களாம். அந்த டாக்டரம்மா வண்டி லாரியில மோதி, இனி ஒதவாதுன்னு இன்சூரன்ஸ்காரங்களே எடுத்து ஏலத்துல வித்ததாம். அதை எவனோ வாங்கி, நிமித்தி, பெயிண்ட் அடிச்சு வித்திருக்கான். லோகுவுக்கு எப்படித் தெரியும்? அவனும் வாங்கித்தான வித்தான். என் காலுல வுழுந்து அழுதான் கண்ணு. "அத்தை, சத்தியமா எனக்குத் தெரியாது"ன்னான். தீவாளிக்கு மறக்காம சேலை எடுத்துட்டு வந்தான், எங்க பூபதி இருந்திருந்தா எடுத்திருப்பான்ல, அந்த எடத்துல நான் இருக்கறேன்னு சொன்னான். நான் கட்டியிருக்கறனே, இதுதான். நல்ல சேலை. அப்படிப்பட்டவன் தெரிஞ்சு செய்வானா?

கோகிலா அவன் மேல கேசு போட்டுட்டா. போட்டதும் போட்டா, என்னையே சாட்சிக்கு வரச் சொல்றா. போனுல கூப்புட்டு, "அண்ணி, மோதாத வண்டின்னு அவன் சொன்னதை நீங்க கேட்டீங்க. அந்த லைட்டப் பத்தி நான் கேட்டதையும் கேட்டீங்க. எனக்கு வேற சாட்சி இல்ல. அங்க இருந்த வேலையாளுங்க வாயத் தெறக்க மாட்டேங்கறாங்க. நடந்ததை நடந்த மாதிரி சொன்னாப் போதும். சொல்லிட்டு எப்ப வேணும்னாலும் வந்து கனியப் பாருங்க, ஒங்க புள்ளைதான் அவ. அதுவரைக்கும் வராதீங்க"ன்னா. அழுவாமச் சொன்னா. அதுதான் எனக்குத் தாங்கல.

நான் எப்படிச் சொல்லுவேன்? எங்க வூட்டுக்காரர் அக்காவும் தங்கச்சியும் ஒண்ணாச் சேந்து, சொந்தத்துக்குள்ள கோர்ட்டு ஏறுனா இந்த வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டோம்னுட்டாங்க. அவரு ஒரு மாசமா என்கூட முழுசாப் பேசறதில்ல. நான் போயி அங்க நின்னு சொன்னா, வக்கீலு சும்மா விடுவானா? லைட்டு எரியலைன்னு அந்தப் பொண்ணு சொன்னப்ப நீங்க என்னம்மா சொன்னீங்கன்னு கேப்பான். கேப்பான்ல? நான் என்னத்தச் சொல்றது?

அதான் மாசா மாசம் கச்சாயம் சுட்டு எடுத்துக்கிட்டு இந்தப் பஸ்ஸுல போறேன். கனிக்கு என் கை கச்சாயம்னா உசுரு. கோகிலா கேட்டத் தெறக்க மாட்டா. அவங்கப்பா வந்து, "வெயில்ல நிக்காதீங்கம்மா, போயிட்டு வாங்க"ன்னு மருவாதியாச் சொல்லுவாரு. தூக்குப்போசிய அந்தக் கேட்டுல மாட்டிட்டு வந்துருவேன். அடுத்த மாசம் போறப்ப கழுவிக் கவுத்தி வெச்சிருப்பாங்க. உள்ள இருந்தது என்னாச்சுன்னு தெரியாது. தின்னாளோ, கொட்டுனாங்களோ.

போன மாசம் புள்ள சன்னலுக்கு வந்துச்சு. நல்லா வளந்துருச்சு, அப்படியே பூபதி மூக்கு. நான் கனி கனின்னு கூப்புட்டேன். அது சிரிக்கல. சன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு, "அத்தை, அப்பா காருல லைட்டு வரலைன்னு அம்மா சொன்னப்ப நாம சிரிச்சோமில்ல"ன்னு கேட்டுச்சு. நாமன்னு கேட்டுச்சு கண்ணு. தன்னையும் சேத்துக்கிச்சு. அந்தப் பிஞ்சு மனசுல அவ என்னத்தையெல்லாம் சொல்லி வெச்சிருக்கா பாரு. இல்ல சாமி, நீ சிரிக்கல, நீ ஒண்ணும் பண்ணலன்னு கத்துனேன். அதுக்குள்ள உள்ள கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. அது காதுல வுழுந்துச்சோ என்னமோ. இந்த ஒரு மாசமா எனக்குச் சோறு எறங்கல.

ஏங்கண்ணு, உன் போனுலயும் நம்பரப் போட்டா யாரு வண்டின்னு வருமா? கோகிலா பாப்பாளே, அது. வருமா? ஒரு ஒதவி பண்ணு. நான் சொல்றேன், போட்டுப் பாரு. கூட்டுனா ஆறு வரும், அந்த நம்பரு எனக்கு மறக்குமா.

வந்துச்சா? செவப்புக் காருதான? என்ன பேரு போட்டிருக்குது? நட்சத்திரமாவா? பேர முழுசாக் காட்டாதா? சரி, கொஞ்சமாச்சும் தெரியுதுல்ல, படி. ... டாக்டரம்மா பேரா. கோயமுத்தூரா. வேற பேரு இல்லியா? கீழ தள்ளிப் பாரு கண்ணு, பூபதின்னு எங்கயாச்சும் இருக்கும். எத்தனையாவது ஓனருன்னு போட்டிருக்குமாமே, கோகிலா சொல்லுவா. ஒண்ணா? ஒண்ணுன்னா அந்தம்மாதான் இன்னமும் ஓனரா? லோகு பேருகூட இல்லியா?

அப்ப எந்தம்பி அந்த வண்டிக்கு யாருமே இல்ல. செருப்பக் கழட்டிக் கையில புடிச்சுக்கிட்டு ஏறுவான். ஆவணியில மாத்திக்கலாம்னு நாந்தான்... ஆவணி வரல. இன்னொரு தடவ போட்டுப் பாக்கறியா? வேண்டாம், விடு. வராது.

துறையூர் வந்துருச்சா அதுக்குள்ள. கண்டக்டரே, இருங்க சாமி, வயசானவ எறங்கறேன், ஊதிக்கிட்டே இருந்தா எப்படி.

இந்தா, இதுல ரெண்டு கச்சாயம் எடுத்துக்க. எடு, சும்மா எடு. யாராச்சும் தின்னாத்தான அது கச்சாயம். நானு போறேன். இன்னிக்கு அந்தக் கேட்டு முன்னால நின்னு என்ன சொல்லப் போறேன்னு எனக்கே தெரியல, பாக்கலாம்.

கண்ணு, இங்க பாரு. நாளைக்கு வண்டி பாக்கப் போறீங்கல்ல. ஏறி ஒக்காந்து சாவியத் திருப்புங்க. முன்னால எல்லா வெளக்கும் ஒருக்கா வந்துட்டுப் போகோணும். எல்லாம். ஒண்ணு வரலைன்னாலும் வாங்காதீங்க, யாரு என்ன சொன்னாலும் சரி, எந்த மாசம் பொறந்தாலும் சரி. அப்பறம் அந்தக் கம்பெனியில போயி நம்பரக் குடுத்து, முன்னால எங்கயாச்சும் மோதுச்சான்னு கேளுங்க. ஒரு நாளு ஆவும், ஆவட்டும். எல்லாம் சரியா இருந்தா வாங்கிக்கங்க.

எட்டா இருந்தாலும் வாங்கிக்கங்க. இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு உங்க வூட்டுக்காரர் கேட்டா, துறையூருல கோகிலான்னு ஒருத்தி சொன்னான்னு சொல்லு.